சின்ன வேலைதான் பாக்கி

எங்கள் தெருவில் அவருக்கு 'சின்ன வேலை' என்றுதான் பெயர். ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர். நான் மாடியில் குடியிருக்கிறேன், அவர் கீழ்வீடு. பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் கூரையை மடக்கிவிடக்கூடிய பழைய பிரிட்டிஷ் கார். இரண்டே பேர் உட்காரலாம். எப்போது கேட்டாலும், "பெரிசா ஒண்ணும் இல்லீங்க, சின்ன வேலைதான் பாக்கி" என்பார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

காரை அவர் ஆசைப்பட்டுத் தேடவில்லை. மாற்றலாகிப் போன மேலதிகாரி ஒருவர் அவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. உண்மையிலேயே அதற்குப் பெரிய சீக்கு எதுவும் கிடையாது. நின்ற இடத்திலேயே நின்றதில் ரப்பர் குழாய்கள் வெடித்திருந்தன, பெட்ரோல் டேங்கில் துரு, பிரேக் இறுகிக் கிடந்தது. ஒவ்வொன்றாக அவரே கழற்றித் துடைத்து மாட்டினார். மெக்கானிக்கைக் கிட்டே சேர்க்க மாட்டார். பெண் கொடுக்கிறவர்கள்கூட இவ்வளவு யோசிக்க மாட்டார்கள்.

வேலையில் இருந்தவரை காதால் பிழைத்த மனிதர். 'ஹலோ' என்றதுமே யாரென்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வார். அந்தக் காது வீட்டுக்குள் மட்டும் வேலைநிறுத்தம் செய்கிறது என்பது மனைவியின் புகார். "வேண்டியதுன்னா பாம்புக் காது. நான் கூப்பிட்டா மட்டும் அவருக்குக் காது கேக்காது!" என்று மாடிவரை எட்டும்படி சொல்வார். பேரப்பிள்ளைகள் எது கேட்டாலும் மனிதர் பொத்தாம்பொதுவாகத் தலையாட்டி வைப்பார். கள்ளச் செவிடு என்று தெருவே தீர்ப்பு எழுதியிருந்தது.

மனைவியின் தம்பி பழைய இரும்பு வியாபாரி. வரும்போதெல்லாம் காரைத் தட்டிப் பார்ப்பார். "இது ஓடாது மாமா, உடைச்சிடலாம்" என்று ஒரு நாள் சொல்லப்போக, இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வர்ற ஞாயித்துக்கிழமை நீ வரும்போது ஓடலைன்னா, நீயே கயித்தைக் கட்டி இழுத்துட்டுப் போ!" வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். சொன்ன சொல் மாறுகிறவர் இல்லை, அதுதான் வம்பு.

சனிக்கிழமை எஞ்சின் கிளம்பிவிட்டது. ஆனால் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி உதறியது, கொஞ்ச நேரத்தில் நின்றது. அந்த எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க முன்னும் பின்னுமாக இரண்டு கார்புரேட்டர்கள். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டரின் வாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தால் காற்று மெல்லியதாகச் சீறுவது கேட்கும். இரண்டு சீறலும் ஒன்றுபோல ஆகும்வரை திருகாணியைத் திருப்ப வேண்டும். அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை. ஆனால் அவர் திருகத் திருக உதறல் கூடியது.

ஞாயிறு காலையும் அதே கதை. சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு, ஒரு கை பார்த்துவிடுவது என்று கரண்டியோடு வந்த மனைவி, கொட்டகை வாசலில் அப்படியே நின்றார். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். உள்ளே அவர் குழாயைக் காதில் அழுத்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

மனைவி கிட்டே போய் அவர் தோளைத் தொட்டார். "பின்னாடி இருக்கிறதுதான் ரொம்ப சீறுது. இங்க நிக்கிற எனக்கே கேக்குதே."

அவர் கண்ணைத் திறந்தார். "எது சீறுது?"

அந்த அம்மாள் வாய்வரை வந்த வசவை விழுங்குவது தெரிந்தது. "எவ்வளவு நாளா இப்படி?"

"வேலையில இருந்தப்பவே. கனத்த குரல் கேக்கும். கீச்சுன்னு மெல்லிசா எது வந்தாலும் போச்சு." குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எவ்வளவு கத்தினாலும் உன் குரலும் மெல்லிசுதானே."

"சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னங்க?"

"காதை வச்சு சோறு தின்னவன். என்னன்னு சொல்றது?"

அந்த அம்மாளுக்கு அவமானமாக இருந்தது. எத்தனை சண்டை, எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது, எல்லாம் அந்த முகத்தில் வந்து போனது. பிறகு குழாயைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார்.

"நீங்க திருகுங்க."

மனைவி கையிலிருந்த கரண்டி மேலே போனால் அவர் இன்னும் திருக வேண்டும், கீழே வந்தால் குறைக்க வேண்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, மறுபடி முன்னால். நடுவில் அவர் அவசரப்பட்டதற்குக் கரண்டியால் கையில் ஒன்று வாங்கினார். உதறல் மெல்ல மெல்ல அடங்கியது.

"ரெண்டும் ஒண்ணா இருக்கா?" என்று கேட்டார். மனைவி அவர் உள்ளங்கையை எடுத்து எஞ்சின் மூடியின் மேல் வைத்தார். கைக்கடியில் எஞ்சின் உதறாமல் ஒரே சீராக அதிர்ந்தது; அவர் கையை எடுக்காமலே அழுதார்.

தம்பி கயிற்றோடு தெருமுனையில் தென்பட்டபோது கார் கொட்டகையை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. கூரை மடங்கிக் கிடந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கையில் இன்னும் கரண்டி.

"மாமா! நில்லுங்க! எங்க போறீங்க?"

அவர் நேரே சாலையைப் பார்த்து ஓட்டினார். தம்பி கயிற்றைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடிவந்தார். "பாரேன், வேணும்னே கேக்காத மாதிரி..."

அக்கா திரும்பிப் பார்த்தார்.

"அவருக்குக் காது கேக்காதுடா. என்கிட்ட கேளு."