பதினெட்டு மாதம் தொடாத கை

ரோஜாவைப் போலச் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவளை நான் பார்த்ததில்லை. அதனாலேயே அவள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. திண்டிவனத்தில் எங்கள் தொண்டு நிறுவனத்துக் களப்பணியாளர் அவள். அவள் எழுதிக்கொண்டு வரும் படிவங்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை.

ஒரு மருத்துவக் கல்லூரி, அரசு சுகாதாரத் துறை, எங்கள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. பக்கவாதம் வந்தவர்களுக்கு வாரம் ஒருமுறை வீட்டுக்கே போய்க் கைகால் பயிற்சி கொடுத்தால் பலன் உண்டா என்று பார்க்க வேண்டும். இருபது ஊர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். பத்து ஊருக்குப் பயிற்சி. மீதிப் பத்து ஊரில் மாதம் ஒருமுறை கேள்வி மட்டும். ஆய்வு முடிகிறவரை அங்கே பயிற்சி கிடையாது.

ரோஜாவின் அக்கா இருதயமேரிக்கு அப்போதுதான் இடது கையும் காலும் விழுந்திருந்தன. காணைப் பக்கம் இருக்கும் அவள் ஊர், கேள்வி மட்டும் கேட்கிற பத்து ஊரில் வந்துவிட்டது.

ரோஜா சும்மா இருக்கவில்லை. முதல் மாதமே எங்கள் ஒருங்கிணைப்பாளர் குமரேசனிடம் கேட்டாள்.

“சார், ஞாயித்துக்கெழமையில எங்க அக்காவுக்கு மட்டும் நான் போய் செஞ்சி வுடட்டுங்களா?”

“நான் மட்டும் சொல்ல முடியாதும்மா. மூணு பேரும் ஒக்கார்ற மீட்டிங்ல கேட்டு சொல்றேன். அதுவரைக்கும் கை வெக்காத.”

விழுப்புரத்தில் நடக்க வேண்டிய கூட்டம் அது. ஒரு தடவை கல்லூரியில் தேர்வு என்றார்கள். அடுத்த தடவை அரசு அதிகாரிக்கு முகாம். பிறகு குமரேசனுக்கே மகள் கல்யாணம். ஒருவழியாகக் கூடியபோது இந்த விஷயத்துக்கு நேரமில்லை. அப்புறம் அவர் மறந்தே போனார். நல்ல மனுஷர், மறதிதான் அதிகம். திரும்பக் கேளடி என்று நான் நச்சரித்தால், “சொல்லுவாரு, இரு” என்பாள் ரோஜா.

விக்கிரவாண்டிப் பக்கம் பயிற்சி ஊர்களில் முன்பின் தெரியாதவர்களின் விரல்களை ஒவ்வொன்றாக நீவி விரித்துவிடுவாள். மாதக் கடைசியில் அக்கா வீட்டுக்குப் போய், கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பாள். தட்டைப் பிடிக்க முடிகிறதா? தானாகப் புடவை கட்ட முடிகிறதா? எல்லாவற்றுக்கும் ‘இல்லை’. அந்த இல்லைகளைப் பதினெட்டு மாதமும் தட்டச்சு செய்தவள் நான்.

“தொட்டா, நீவி வுடாம இருக்க என்னால முடியாது. அதான் தொடறதே இல்ல,” என்று ஒருநாள் பஸ்ஸில் சொன்னாள். “அந்தக் கையவே பாத்துக்கினு ஒக்காந்திருக்கேன்.” மற்ற ஊர்களில் யாராவது விரலை நீட்டிக் காட்டினால் அவளுக்கு அக்கா ஞாபகம்தான் வரும். ஏக்கத்திலேயே பாதியாக இளைத்துப்போனாள்.

ஆய்வு முடிந்தது. பயிற்சி பெற்றவர்களில் நிறையப் பேர் தேறியிருந்தார்கள். முடிவு சொன்ன கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அது அடங்கியதும் ரோஜா எழுந்தாள்.

“இனிமேலாவது எங்க அக்காவுக்கு செய்யலாங்களா மேடம்?”

கல்லூரி டாக்டர் ஆர்த்திக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதும் முகம் வாடிவிட்டது.

“ஒரு போன் பண்ணியிருந்தா, அன்னைக்கே அவங்க பேர ஆய்வுலேர்ந்து எடுத்திருப்போமேம்மா. அதுக்கு வழி இருக்கே.”

குமரேசன் தரையைப் பார்த்தார். அரசு அதிகாரி கைப்பேசியைப் பார்த்தார். அந்த போனை நானும் செய்திருக்கலாம். டாக்டரின் எண் என் மேசைமேல்தான் ஒட்டியிருந்தது.

மறுநாள் ரோஜாவோடு நானும் காணைக்கு பஸ் ஏறினேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அக்காவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் உள்ளே மடங்கி இறுகியிருந்தன. மெதுவாக விரித்துப் பார்த்தாள். வரவில்லை. மறுபடியும் பார்த்தாள்.

“மன்னிச்சுடுக்கா. அப்பவே செஞ்சிருந்தா வந்திருக்கும்.”

இருதயமேரி வலது கையால் தங்கையின் கண்ணைத் துடைத்தாள்.

“வெரலு நீண்டா நீளுது, நீளாட்டி போவுது. மாசாமாசம் எதிர்ல ஒக்காந்து கேள்வியா கேட்டியேடி, ஒரு நாளாவது கையப் புடிச்சிக்குவியான்னு பாத்துக்கினே இருந்தேன்.”