பெட்டை நாயைக் கேட்டுப் போன நாள்

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலையில் இருந்தேன். வயது இருபத்து நாலு. டீக்கடைக்குக்கூட வெள்ளைக் கோட்டோடு போகிற ஆள் நான். அந்தக் கோட்டை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

ஒருநாள் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்திலிருந்து ஒரு பெண் தன் ஆறு வயது மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பால்பல் விழுந்த இடத்தில் நாலு நாளாக ரத்தம் நிற்கவில்லை. ரத்தம் உறையாத பரம்பரை நோய் என்று எங்கள் டாக்டர் கண்டுபிடித்துப் பிளாஸ்மா ஏற்றினார். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் என்னிடம் சொன்னாள்:

"எங்க வூட்டு நாயும் இப்டித்தான் சார். குட்டிங்களுக்குக் காது அறுத்தோம். ரெண்டு கடுவன் குட்டியும் ரத்தம் நிக்காமயே செத்துப்போச்சு. பொட்டக் குட்டிங்களுக்கு ஒண்ணுமே ஆவல."

நாட்டு நாய்க்குட்டியின் காது நுனியை நறுக்கிவிடுவது அங்கே வழக்கம். கேட்டதை டாக்டரிடம் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். இந்த நோய் மனிதனுக்கும் நாய்க்கும் ஒரே மாதிரி வருகிறது, வெளிநாட்டில் இப்படிப்பட்ட நாய்களை வளர்த்துத்தான் மருந்தைச் சோதிக்கிறார்கள் என்றார். மறுநாளே தாய் நாயைக் கொண்டுவரச் சொல்லி ஜீப்பைக் கொடுத்து, அவளையும் பையனையும் அதிலேயே ஏற்றி என்னை அனுப்பினார்.

குப்பத்தில் அவள் புருஷன் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய அக்கா. அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம் என்பது போனவுடனேயே தெரிந்தது. வாசலில் பெட்டையோடு ஒரு கடுவனும் படுத்திருந்தது.

"அத்த இட்டுக்கினு போ சார்" என்றான் புருஷன், கடுவனைக் காட்டி. "பொட்டதான் வலைக்குக் காவல் கீது. அது இன்னாத்துக்கு ஒனக்கு?"

டாக்டர் கேட்டார் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு குச்சியை எடுத்து மணலில் வட்டமும் கட்டமுமாகப் படம் போட்டேன். குறை இருப்பது தாயிடம், ஆனால் தாய்க்கு ஒன்றும் ஆகாது, அதன் ஆண் குட்டிகளுக்குத்தான் ரத்தம் கொட்டும் என்றேன். "அப்பன் மேல துளிகூடத் தப்பு இல்ல. எல்லாம் தாய்கிட்டேருந்துதான் வருது."

அக்காக்காரி படத்தைப் பார்க்கவில்லை. பையனைப் பார்த்தாள். "மன்சாளுக்கும் இப்டித்தானா சார்?"

"அச்சு அசலா இப்படியேதான். அதனாலதானே இந்த நாய் எங்களுக்கு உபயோகம்!"

பையனின் அம்மா நாய்க்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. புருஷனின் முகம் தெளிந்தது. இரண்டையும் பார்த்தேன், ஒன்றும் உறைக்கவில்லை. நாய் கிடைத்த குஷியில் திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை சீட்டி அடித்துக்கொண்டே வந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் நாய் குட்டி போட்டது. கடுவன் குட்டிகளை ஊசியால் குத்தி, ரத்தம் எவ்வளவு நேரம் வடிகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதுவது என் வேலை. ஒரு குட்டி என் கையிலேயே செத்தது. அதற்கும் வெட்கப்படுகிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல.

ஏழெட்டு மாதம் கழித்து அவள் மகனோடு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"என்ன எங்கம்மா வூட்டுக்கே தொரத்திட்டாங்க சார். உன் ரத்தந்தான் கெட்டது, இனிமே பெத்தாலும் இப்டித்தான் பொறக்கும்னு நாத்தனாரு சொல்லுது. அவருக்கு வேற பொண்ணு பாத்துகினு கீறாங்க. அந்த நாயோட பேர வெச்சுத்தான் என்னக் கூப்புடுறாங்க."

மகனை இறக்கிவிட்டு என் அருகே வந்தாள்.

"நீ ஒரு தபா வந்து, அன்னிக்கிச் சொன்னது நாய்க்கு மட்டுந்தான், மன்சாளுக்கு இல்லன்னு சொல்லிடு சார். நீ சொன்னா நம்புவாங்க. நீ சொல்லித்தானே நம்பினாங்க."

"அது பொய்யாயிடுமேம்மா" என்றேன். "சயின்ஸ்ல பொய் சொல்லக் கூடாது."

இதை நான் பெருமையாகவே சொன்னேன். அடுத்த பிள்ளை நன்றாகவே பிறக்கலாம் என்பதும் அதே சயின்ஸ்தான். பொய் சொல்லாமல், அதைச் சொல்லவாவது போயிருக்கலாம். ஜீப் கிடைக்காது, வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்று ஏதேதோ சொல்லிக் கழற்றிக்கொண்டேன். அந்த அக்காக்காரியின் முகத்தில் முழிக்க எனக்குப் பயம், அவ்வளவுதான்.

அவள் வாதாடவில்லை. நாயைப் பார்க்க வேண்டும் என்றாள். கூண்டுக்கு அழைத்துப்போனேன். நாய் அவளை அடையாளம் கண்டு கம்பி அதிர வாலை ஆட்டியது. கம்பிக்குள் கையை விட்டு அதன் தலையைத் தடவினாள். "இதுக்காச்சும் ஒரு எடம் கெடச்சுது" என்றாள். பிறகு மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் என் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி குடித்துக்கொண்டே மாப்பிள்ளையின் அம்மா கேட்டார், "உங்க பக்கத்துல யாருக்காவது வியாதி கியாதி உண்டா?"

என் தாய்மாமனுக்கு வலிப்பு உண்டு. எங்களோடேயே இருந்தவர். அன்று காலையிலேயே அவரைச் சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டதே நான்தான். அப்பா என்னைப் பார்த்தார். "இவன் ரத்த ஆராய்ச்சியிலதான் இருக்கான். இவனையே கேளுங்க" என்றார்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அப்படி ஒண்ணுமே கிடையாது" என்றேன். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. படித்த பையன் சொல்கிறான் என்று நம்பினார்கள். தட்டிலிருந்த பஜ்ஜி ஆறுவதற்குள் நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று.