தேங்காய் எழுந்த இடம்

எங்கள் தொண்டாமுத்தூர் தோட்டத்தில் போர்க்கிணறு போட நீரோட்டம் பார்க்க வந்தவர் அவர். ஒல்லியான ஆள், காலில் செருப்பில்லை. உள்ளங்கையில் படுத்திருக்கும் தேங்காய் எங்கே எழுந்து நிற்கிறதோ, அங்கே தண்ணீர் என்பார். நடக்கத் தொடங்குமுன் மண்ணைத் தொட்டுக் கும்பிடுவார்.

வேப்பமரத்தடியில் தேங்காய் எழுந்தது.

"ஏனுங்க, கண்ணைக் கட்டிக்கிட்டு இதே எடத்தைக் காட்டுவீங்களா?" என்று ஊரார் முன்னால் கேட்டேன்.

"கட்டுங்க, கண்ணு" என்று சிரித்தார். அவர் துண்டாலேயே கண்ணைக் கட்டிவிட்டேன்.

இந்த முறை தேங்காய் முப்பதடி தள்ளி எழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். துண்டை அவிழ்த்தவர் இரண்டு இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன்.

"இருவது வருசத்துக்கு முன்னாடியே யாராச்சும் கட்டிப் பாத்திருக்கலாமுங்க. எத்தனை பேரு என்னைய நம்பித் தோண்டிப்போட்டாங்க!"

தேங்காயை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

கேட்டது சரிதான். ஊரைக் கூட்டி வைத்துக் கேட்டிருக்க வேண்டாமோ என்றுதான், தேங்காய் உடைக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.