கண்ணாடியில் ஊன்றிய இடது கை: ஊரப்பாக்கம் – தாம்பரம் – பெருங்களத்தூர்

தப்பு என்னுடையது. போன மாதம் தாம்பரத்தில் ஒரு கண் மருத்துவமனையில், தொடுதிரை டோக்கன் இயந்திரத்தின் அருகே நின்று உதவும் செல்வி என்னைப் பிடித்துத் தள்ளினாள் என்று கூட்டத்தின் நடுவே கத்தினேன். புகாரும் எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு வேலை போயிற்று. அவள் தள்ளவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தச் சனிக்கிழமை கிளம்பினேன்.

தொடுதிரையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்றிருந்தவன் நான். அது அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, விரல் பட்ட இடத்தில் மாறும் மின்சாரத்தைத்தான் பார்க்கிறது என்று நானே படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனாலும் அன்று எத்தனை முறை தொட்டும் எண் விழவில்லை. செல்வி என் இடது கையைப் பிடித்து விலக்கினாள். அதற்குத்தான் அத்தனை கத்தல்.

போன வாரம் வீட்டில் கைபேசியிலும் எண் விழவில்லை. பிடித்திருந்த கையின் கட்டைவிரல் திரையோரத்தில் படிந்திருந்தது, எடுத்ததும் விழுந்தது. அப்போதுதான் உறைத்தது. மருத்துவமனையில் தடுமாறாமல் நிற்க இடது உள்ளங்கையைத் திரையின் கண்ணாடியிலேயே ஊன்றியிருந்தேன். ஒரு புள்ளியில் பட்டு எடுத்தால் தட்டல். இரண்டு இடத்தில் பட்டால் வேறு கட்டளை. உள்ளங்கை அகலத்துக்குப் பட்டால் அந்த இயந்திரம் எதையும் ஏற்காமல் காத்திருக்கும்.

ஊரப்பாக்கத்தில் 9.20 மின்சார ரயில், ஐந்து ரூபாய். 9.38க்குத் தாம்பரம், பிறகு பத்து நிமிட நடை. என் புகார் தப்பு என்று எழுதிய கடிதத்தை மருத்துவமனை மேலாளரிடம் நீட்டினேன்.

"ஃபைல்ல வெச்சிக்கிறேன் சார். ஆனா அவங்க திரும்ப வரணுமே?"

செல்வி இப்போது அங்கேதான் வேலை செய்கிறாள் என்று மேலாளர் சொன்னதால், திரும்பும் வழியில் பெருங்களத்தூரில் இறங்கினேன். பேருந்து நிறுத்தத்தருகே ஒரு டிபன் கடையில் செல்வி தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் நிமிரவில்லை.

"இன்னா பெரியவரே, லெட்டர் எயுதினியா? அத்த யாரு படிப்பா? நீ கத்தினத அம்மாம் ஜனமும் கேட்டுச்சே. எங்க வூட்டாண்ட கீறவங்க கூட இருந்தாங்க."

ஒரு காப்பி கொடுத்தாள். காசு வாங்க மறுத்துவிட்டாள். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்த மருத்துவமனைக்குப் போகிறவர்கள் ஒரு விரலால் தட்டுங்கள், மறு கையைக் கண்ணாடியில் வைக்காதீர்கள். நிர்வாகம் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி போட வேண்டும். இதை நான் விடமாட்டேன். மேலாளர் செல்வியை அதே இடத்துக்கு அழைக்க வேண்டும். நான் திங்கள் காலை பத்து மணிக்கு, கூட்டம் நிறைந்திருக்கும்போது, இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த இயந்திரத்தின் முன்னால் நின்று, அன்று கத்திய அதே குரலில் உண்மையைச் சொல்ல வேண்டும்.