செவலை யாருக்குச் சுரந்தது

மழை இல்லாததால்தான் மலைக்கு மாட்டுப் பண்ணை வேலைக்குப் போனோம் என்று என் வீட்டுக்காரர் ஊரில் எல்லோரிடமும் சொல்வார். அந்த வருஷம் வேர்க்கடலை காய்ந்துபோனது உண்மைதான். ஆனால் என்னைக் கிளப்பியது என் மகளின் பின்னல்.

எங்கள் வீடு சந்தவாசலுக்குப் பக்கத்தில், மலை அடிவாரத்தில். ஒரே வீட்டில் நாங்களும் மாமியாரும் கொழுந்தனும். கொழுந்தனுக்குப் போளூரில் பெண் எடுத்தார்கள். வந்தவள் பத்தாவது வரை படித்தவள். நைலக்ஸ் புடவை கட்டுவாள். பஸ் கண்டக்டரிடம் கூடக் கூசாமல் சிரித்துப் பேசுவாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். வீட்டுக்கு யாராவது வந்தால் அடுப்பங்கரைக்குள் போய்விடுவேன். அவர்கள் போன பிறகுதான் வெளியே வருவேன். என் ஓரகத்தி வந்தபிறகு வீட்டில் அவள் பேச்சுத்தான்.

"சின்னவ கை பட்டா கொழம்பு வாசனையே வேற மாதிரி கீது" என்பார் மாமியார். அதே மிளகாய்த்தூள், நான் அரைத்துவைத்தது. கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவுவேன். உள்ளே மட்டும் எரியும்.

ஒருநாள் காலை என் மகள் ரிப்பனை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் சீப்போடு கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப்போய் ஓரகத்தி முன்னால் உட்கார்ந்தாள்.

"சித்திதான் வகிடு கோணாம எடுப்பாங்க."

"கொழந்தைக்கே தெரிஞ்சிபோச்சி பாரு" என்று மாமியார் சிரித்தார்.

சீப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரம்தான் வீட்டுக்காரர் போளூரில் கேள்விப்பட்ட சேதியைச் சொன்னார். வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்கிற பாய் ஒருவர் ஜவ்வாது மலையில் குத்தகைக்கு இடம் எடுத்து மாட்டுப் பண்ணை வைத்திருந்தார். அப்போது பேங்கில் லோன் போட்டு ஊருக்கு ஊர் சீமை மாடு வாங்கிக்கொண்டிருந்த காலம். கீழே வெயிலுக்கு அந்த மாடுகளுக்கு மூச்சு வாங்கும். அதனால் மலைக் குளிரில் கிடேரிகளை வளர்த்துக் கீழே கொண்டுவந்து விற்பார்.

"புருசன் பொண்டாட்டியா வந்தா வேலையாம், தங்க ரூமும் தராங்களாம்" என்றார் வீட்டுக்காரர். "தெரியாத எடம், பனி வேற. வாணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"போலாம்" என்றேன்.

யார் பேசியது என்பதுபோல அவர் திரும்பிப் பார்த்தார்.

மகளைக் கூட்டிப்போக முடியவில்லை. பள்ளிக்கூடம் கெட்டுப்போகும் என்றார்கள். "நான் பாத்துக்கறேன்க்கா, நீ கவலப்படாத போய்ட்டு வா" என்றாள் ஓரகத்தி. அதுவும் அவளுக்கே போயிற்று.

எனக்கென்று அந்த வீட்டில் மிச்சம் இருந்தது ஒன்றுதான், செவலை. என் அம்மா வீட்டிலிருந்து கன்றாக ஓட்டிவந்த மாடு. என் கைக்குத் தவிர யாருக்கும் பால் விடாது. ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்தபோது கறக்கப் போன மாமியாரையே உதைத்துத் தள்ளியது. நான் கிளம்பும்போது அது நிறை சினை. பால் வற்றிக் கறவை நின்றிருந்தது. கன்று போட்ட பிறகு சின்னவள் சொம்பை எடுத்துக்கொண்டு போகட்டும், முழங்காலில் ஒன்று வாங்கட்டும் என்று நினைத்துக்கொண்டேதான் மலை ஏறினேன். அந்த நினைப்பில் ஏற்றமே தெரியவில்லை.

பண்ணையில் வேலைக்குக் குறைவில்லை. விடிந்ததும் சாணி அள்ளிக் கொட்டகை கழுவவேண்டும். பிறகு கறவை. கேன்களை ஜீப்பில் ஏற்றினால் ஆலங்காயத்துக்குப் போகும். அப்புறம் சரிவில் புல் அறுப்பு. திமில் இல்லாத பெரிய மாடுகள், காதில் நம்பர் அடித்த வில்லை. யார் போய் உட்கார்ந்தாலும் பால் விடும். தீனியைப் போட்டால் போதும், போட்டது யார் என்று திரும்பியும் பார்க்காது. முதலில் அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

கூட வேலை செய்தவள் மலை ஊர்க்காரி. நான் ஒரு மாடு கறப்பதற்குள் இரண்டு கறந்துவிடுவாள். பாய் வந்தால் அவளிடம்தான் விசாரிப்பார். அவளுக்கு என்னைச் சீண்டுவதில் ஒரு சந்தோஷம்.

"இன்னாக்கா, வாயில களிய வச்சினு கீறியா? ஒரு வார்த்த பேசேன்."

சிரிப்பேன், அவ்வளவுதான்.

"கை இங்க கீது, கண்ணு மட்டும் கீழயே பாக்குது. உங்க வூட்ட கொரங்கு தூக்கினு போய்டுமா இன்னா?"

சரிவின் ஓரத்தில் நின்றால் அடிவாரம் தெரியும். மூட்டம் இல்லாத நாளில் எங்கள் ஊர் ஏரி கண்ணாடித் துண்டு மாதிரி மின்னும். இந்நேரம் சின்னவள் என் மகளுக்குப் பின்னிக்கொண்டிருப்பாள், இந்நேரம் மாமியார் அவள் குழம்பைப் புகழ்ந்துகொண்டிருப்பார் என்று அங்கே நின்று நினைத்து நினைத்து வயிறு எரிவேன்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் அந்த மலைக்காரியைப் பற்றிச் சொன்னார்: "அந்தம்மா கை மிஷின் மாதிரி ஓடுது, பாத்தியா?" கீழே ஓரகத்தியைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்காது. "ஆமாங்க, நல்ல கை" என்றேன். சொன்ன பிறகு எனக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது. பொறாமையே வரவில்லை. உடம்பு கிடம்பு சரியில்லையோ என்றுகூட நினைத்தேன். அவள் கறந்தால் என்ன, நான் கறந்தால் என்ன, அது யார் வீட்டுப் பாலோ. என் எரிச்சல் முழுவதும் அந்த ஏரிக்கரை ஊரில், ஒரே ஒரு கூரைக்குக் கீழே இருந்தது.

புளி உலுக்குகிற பருவத்தில் வீட்டுக்காரர் மட்டும் ஊருக்குப் போய்வந்தார். "பொண்ணு நல்லா கீது. செவலை கன்னு போட்டுச்சி, கெடேரி" என்றார்.

"யாரு கறக்கறாங்க?"

"சின்னவதான். நல்லா விடுதாம். டீக்கடைக்குக் கூட ஊத்தறாங்க."

கையிலிருந்த கேழ்வரகுக் களியைத் தட்டிலேயே போட்டுவிட்டேன். மகள் குழந்தை, அவளுக்கு என்ன தெரியும். ஆனால் செவலையுமா?

"அத இங்க ஓட்டினு வந்துடலாம்" என்றேன். "எங்கம்மா வூட்டு மாடு."

"பாய்கிட்ட இத்தினி மாடு கீதே. அதான் வேணுமா?"

"அதான் வேணும். பரீட்ச முடிஞ்சதும் பொண்ணையும் கூட்டினு வந்துடலாம். இங்கயே இருந்துக்கலாம்."

மறுநாளே புளிக் கூடையோடு சந்தவாசலுக்கு இறங்குகிறவர்களுடன் நாங்களும் காட்டு வழியில் இறங்கினோம். ஊர் எல்லையில் அவர் டீக்கடைப் பக்கம் போனார். நான் மாட்டைப் பார்க்காமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று பின்பக்கச் சந்தில் போனேன். மாலைக் கறவை நேரம்.

கொட்டகையில் நானே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. என் கத்திரிப்பூ நிறப் புடவை. தோளில் நான் ஒட்டுப்போட்ட இடம். கரித்துணிக்கென்று மூலையில் சுருட்டிப் போட்டுவிட்டுப் போனது. அதைக் கட்டிக்கொண்டு, முக்காடும் போட்டுக்கொண்டு, என் ஓரகத்தி செவலையின் மடியில் கை வைத்திருந்தாள். மகள், மாடு, இப்போது என் கந்தல்கூட இவளுக்கு வேண்டியிருக்கிறதா? வாய்வரை வந்தது.

அவள் திரும்பினாள். முகம் வெளிறிவிட்டது.

"அக்கா, கிட்ட வராத! பேசாத!" என்று கிசுகிசுத்தாள். "நீ வந்தது தெரிஞ்சா எனக்கு விடாது."

அதற்குள் செவலை காதைத் தூக்கிவிட்டது. 'ம்மா' என்று ஒரு கத்து. பின்காலைத் தூக்கி உதைத்ததில் சொம்பு பறந்தது. பால் முழுக்க அவள் மடியில்.

"போச்சா!" என்று அவள் மண்ணிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "ஆறேழு ஒத வாங்கினேன்க்கா. அப்பறம் அத்ததான் உன் பொடவய எடுத்துக் குடுத்து, கட்டிக்கினு போ, வாசனைக்கு ஏமாந்துடும்னாங்க. இந்தச் சாணி நாத்தத்த தெனம் கட்டிக்கினு வந்து, வாயத் தொறக்காம, உன்ன மாதிரியே உக்காந்து கறக்கறேன். உள்ள போனா அத்த, 'பெரியவ கறந்தா சொம்பு வழியும்'னு ஒரு பாட்டு. உன் பொண்ணு வேற, 'எங்கம்மா தான் இறுக்கிப் பின்னுவாங்க'ன்னு அவுத்து அவுத்துப் போட்றா. உன்னக் கண்டாலே எனக்கு எரியுது, போ!"

அந்த நெஞ்செரிச்சல் எனக்குத் தெரியாததா? அவளைத் தூக்கிவிட்டேன். அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் குளுகுளுவென்றும் இருந்தது.

"பொடவய அவுத்துக் குடு" என்றேன்.

மறுநாள் காலை மாட்டையும் கன்றையும் ஓட்டிப்போகவேண்டும். அதற்கு முன் ஒரு கறவை. கொல்லைக்குப் போனால், என் கத்திரிப்பூப் புடவை கொடியில் ஈரம் சொட்டத் தொங்கியது. உள்ளே போய் அவிழ்த்துத் தருகிறேன் என்றவள், ராத்திரியே சோப்புப் போட்டு அடித்து அலசியிருந்தாள். வாசனை துளி இல்லை. அவள் கொல்லைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலையில் கட்டியிருந்த புடவையோடு, பண்ணை மாட்டு வாடையோடு போய் உட்கார்ந்தேன். செவலை என் தோளை ஒருமுறை நக்கியது. சொம்பு வழிந்தது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

பால் சொம்போடு வாசலுக்கு வந்தேன். மகள் ரிப்பனோடு வந்தாள். சொம்பை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். அவள் என்னைத் தாண்டிப்போய், அதற்குள் வாசலுக்கு வந்து உட்கார்ந்திருந்த சித்தி முன்னால் உட்கார்ந்தாள். ஓரகத்தி சீப்பை வாங்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்குத் திகுதிகுவென்று பற்றிக்கொண்டது.

வீட்டுக்காரர் செவலைக்குத் தலைக்கயிறு மாட்டிக்கொண்டிருந்தார்.

"அவுத்து வுடுங்க" என்றேன். "நீங்க மட்டும் போயி பாய்கிட்ட சொல்லிட்டு வாங்க."

"ஏன், இன்னாச்சி?"

"எனக்கு இங்க வேல கீது."