டெய்சி அக்காவின் ரஷ்யக் கேமரா

செய்தி வந்தபோது நான் காலை ரயிலில், பங்காருபேட்டையைத் தாண்டி, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். போனில் பேசியவர் மாரியப்பன்.

"செல்வம் சார், நம்ம டெய்சியக்கா பூட்டாங்க சார். அடுப்புல டீயை வெச்சிட்டு நாற்காலில உக்காந்தவங்கதான். எழுந்திருக்கவே இல்ல."

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவர், "யாருங்க, சொந்தமா?" என்று கேட்டார். "எதிரி" என்றேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர்த்திசை ரயிலுக்காக ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்று ஊர் திரும்பினேன். எதிரி செத்ததற்கு எவனாவது லீவு போடுவானா? நான் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஃபிலிம் கேமராக்களைத் தோளில் மாட்டிக்கொண்டு கோலார் தங்கவயலைச் சுற்றும் நம் சிறு கூட்டத்துக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு டெய்சி அக்காவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவரிடம் அடியோ திட்டோ வாங்காதவர் நம்மில் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். திட்டு எத்தனை வாங்கினேன் என்று கணக்கில்லை. அடி இரண்டு முறை. இரண்டையும் சொல்கிறேன். அதற்குப் பிறகு, இத்தனை வருடமாக உங்களிடம் நான் சொல்லிவந்த ஒரு பொய்யையும் சொல்கிறேன்.

முதல் அடி பெங்களூரு ஞாயிற்றுச் சந்தையில். நடைபாதையில் விரித்திருந்த சாக்கின் மேல், துருப்பிடித்த இஸ்திரிப் பெட்டிகளுக்கு நடுவே, ஒரு ரஷ்யக் கேமரா கிடந்தது. பட்டனை அமுக்கினால் உள்ளே கண்ணாடி எகிறி விழும் எஸ்எல்ஆர் ஜாதி. தூக்கினால் செங்கல் கனம். நான் கை வைத்த அதே நொடியில் இன்னொரு கையும் அதன் மேல் விழுந்தது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் என் விலாவில் ஒரு முழங்கை இறங்கியது. மூச்சு நின்றுவிட்டது. மூச்சு திரும்பியபோது கேமரா அந்த அம்மாள் கையில் இருந்தது.

"நான்தான் முதல்ல கை வெச்சேன்" என்றேன், குனிந்தபடியே.

"அப்போ நீதான் முதல்ல எடுத்திருக்கணும்" என்றார். என் தமிழைக் கேட்டதும் கண்ணைச் சுருக்கினார். "இன்னாடா, நம்ம ஊரா நீ? எந்த மைன்ஸ் லைன் வீடு?"

திரும்பும் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம். ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் எக்ஸ்ரே எடுத்தவர். இருட்டறையில் ஃபிலிம் கழுவிக் கழுவி அந்த மருந்து வாசனை இல்லாமல் தூக்கம் வராது என்றார். ஓய்வு பெற்றதும் வந்த தொகையைப் பழைய கேமராக்களிலும் லென்ஸ்களிலும் கொட்டினார். பூஞ்சை பிடிக்காமலிருக்க அவற்றின் அலமாரிக்குள் இரவும் பகலும் ஒரு குண்டு பல்பு எரியும். "எனக்கு லைட் இல்லன்னா பரவால்ல, அதுங்களுக்கு எரியணும்" என்பார். பத்து வயது மூத்தவர். நான் அக்கா என்றேன், அவர் டா என்றார். கடைசிவரை அப்படித்தான்.

அவர் கோபம் உங்களுக்குத் தெரியும். பூஞ்சை பிடித்த லென்ஸைத் துடைத்துப் பளபளப்பாக்கித் தன் தலையில் கட்டிய வியாபாரியை அடுத்த வாரமே தேடிப் போய், கேமரா நிறுத்தும் முக்காலியின் தலையால் மூக்கிலேயே போட்டார். ரத்தம் அவன் விரித்து வைத்திருந்த கேமராக்களின் மேல் சொட்டியது. அக்கா முதலில் முந்தானையால் கேமராக்களைத் துடைத்தார். பிறகுதான் அவனிடம் கைக்குட்டையைக் கொடுத்தார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அவர் அடிக்கடி சொல்லும் ஒன்று உண்டு. ஃபிலிமைப் போட்டு மூடியதும், லீவரை ஒரு இழுப்பு இழுத்து, கேமராவின் இடது பக்கத்துக் குமிழைப் பார்க்க வேண்டும். ஃபிலிம் சக்கரத்தில் மாட்டிக்கொண்டு ஓடினால் குமிழும் கூடவே சுழலும். ஃபிலிம் நழுவியிருந்தால் சுழலாது. எண் ஏறும், சத்தம் வரும், படம் மட்டும் விழாது. "குமிழ் சுத்துதா பாரு. சுத்தலன்னா நீ காத்த சுட்டுக்கினு இருக்கேன்னு அர்த்தம்." எனக்கு இதைச் சொன்னாலே எரிச்சல். நான் பத்து விநாடியில் ஃபிலிம் போடுகிறவன், எனக்குப் பாடமா?

பத்து வருடத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நந்திதுர்க் சுரங்கத்துப் பழைய ஷாஃப்ட்டின் இரும்புக் கோபுரத்தைக் காலை வெயிலில் எடுக்கலாம் என்று நாங்கள் இருவர் மட்டும் போயிருந்தோம். முந்தின நாள் ஒரு லென்ஸைப் பிரித்தபோது ஸ்க்ரூ டிரைவர் நழுவி, அக்காவின் இடது கையில் இரண்டு விரல் கிழிந்திருந்தது. கட்டுப் போட்டிருந்ததால் முதல் முறையாகத் தன் ரஷ்யக் கேமராவை என்னிடம் நீட்டி, ஃபிலிம் போடச் சொன்னார். அலுவலகத்தில் எவனையோ நான் மடக்கிய கதையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே போட்டேன், படக்கென்று மூடினேன், கொடுத்தேன். குமிழைப் பார்த்தேனா என்று இப்போது கேட்காதீர்கள்.

இடிந்த சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அலறல் கேட்டது. எட்டிப் பார்த்தோம். அங்கே காவல் வேலையில் இருந்த மாரியப்பன் தரையில் கிடந்தார். நாலு பேர் இரும்புக் கம்பியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஷாஃப்ட்டிலிருந்து செம்புக் கேபிளை அறுத்து விற்கிற கும்பல். தலைவன் பெயர் தாஸ். முந்தின வாரம் அவர்களுடைய வண்டியைப் பிடித்துக் கொடுத்தவர் மாரியப்பன். கம்பி முழங்காலில் விழுந்தபோது காய்ந்த விறகு முறிகிற மாதிரி கேட்டது. அந்த மனிதர் அம்மா என்றுகூடக் கத்தவில்லை, மண்ணைக் கடித்துக்கொண்டு முனகினார். தாஸ் கம்பியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினான்.

"வாங்கக்கா, போயிடலாம்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவர் என் கையை உதறிவிட்டுச் சுவரைச் சுற்றி வெளியே போனார். கேமராவைக் கண்ணில் வைத்து அமுக்கினார். அந்த ரஷ்யக் கேமராவின் சத்தம் உங்களுக்குத் தெரியும். கோயிலில் ஒருவர் அமுக்கினால் ஊரே திரும்பும். நாலு பேரும் திரும்பினார்கள். தாஸின் கம்பி அந்தரத்தில் நின்றது. அக்கா மறுபடி இழுத்தார், அமுக்கினார். ஒரு அடி முன்னால் வைத்து மறுபடி இழுத்தார், அமுக்கினார்.

நான் ஓடினேன். ஆள் கூட்டிவரப் போனேன் என்றுதான் இதுவரை உங்களிடம் சொல்லியிருக்கிறேன். ஆளைக் கூட்டிவந்தது நிஜம். ஆனால் ஓட ஆரம்பித்தபோது எந்த ஆளையும் நான் நினைக்கவில்லை, என் மண்டையை மட்டும்தான் நினைத்தேன். ஆள் கூட்டிவரப் போனேன் என்றதுதான் அந்தப் பொய். முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. ரோடு வருகிற வரைக்கும் கேட்டது.

பூசை முடிந்து சர்ச்சிலிருந்து வந்துகொண்டிருந்த ஏழெட்டுப் பேரோடு நான் திரும்பியபோது கும்பல் ஓடிவிட்டிருந்தது. அக்கா குப்புறக் கிடந்தார். மண்டை பிளந்து, ரத்தம் காது வழியாகக் கழுத்துக்கு இறங்கியிருந்தது. வலது மணிக்கட்டு திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. முதுகில் புடவை கிழிந்து, சதையும் கிழிந்திருந்தது. அத்தனை அடிக்கும் கேமராவை வயிற்றுக்கு அடியிலிருந்து அவர் விடவில்லை. தூக்கும்போது என்னைப் பார்த்து, "வண்டி சொல்லு. முதல்ல அந்தாளுக்கு" என்றார்.

தலையில் கட்டோடு அவர் ஊர் முழுக்கச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "ரோல் எங்கிட்ட கீது. நாலு மூஞ்சியும் தெளிவா கீது. மாரியப்பன் மேல ஒரு கீறல் விழட்டும், மறுநாள் நாலும் பேப்பர்ல வரும்." டீக்கடையில் சொன்னார், மார்க்கெட்டில் சொன்னார், தாஸின் மச்சானிடமே சொன்னார். இரண்டு முறை அவர் வீட்டு ஜன்னல் உடைந்தது. ஒரு நாள் வாசலில் வெட்டின நாயைப் போட்டுவிட்டுப் போனார்கள். அதைப் புதைத்துவிட்டு வந்து மறுபடி அதையே சொன்னார். மாரியப்பனை யாரும் அதற்குப் பிறகு தொடவில்லை. தாஸ் ஆந்திரா எல்லை தாண்டி, குப்பம் ஊர்ப்பக்கம் இடம் மாறினான்.

ஆனால் ரோலைக் கழுவச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்றார். எங்கள் வாய்ச் சாட்சி மட்டும் போதாமல் வழக்கு செத்துக்கொண்டிருந்தது. மாரியப்பன் கோல் ஊன்றி நடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வருடம் கெஞ்சினேன், கத்தினேன். ஒரு நாள் அவர் வீட்டிலேயே, அந்த அலமாரி முன்னால் நின்று, "இன்னாக்கா, அவனுங்களுக்கு விலை போயிட்டியா?" என்று கேட்டுவிட்டேன்.

அதுதான் இரண்டாவது அடி. இடது கையால் எறிந்தும் குறி தவறவில்லை. ஜெர்மன் லென்ஸ், பித்தளை உடம்பு, என் புருவத்தில் வந்து விழுந்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. நான் அங்கிருந்த முக்காலியைத் தூக்கி அலமாரிக் கண்ணாடியில் அடித்தேன். உள்ளே எரிந்துகொண்டிருந்த பல்பு உடைந்தது. ஆறு தையல் எனக்கு. எட்டு வருடம் நாங்கள் பேசவில்லை.

போன வருடம் தாஸை அவன் ஆட்களே வெட்டிக் கொன்றார்கள். அடுத்த வாரம், காலை ரயிலில் என் எதிரில் அக்கா வந்து உட்கார்ந்தார். எனக்காகவே ஏறியிருக்கிறார்.

"இன்னாடா, புருவம் எப்டி கீது?"

நான் பையைத் தூக்கித் தோளில் மாட்டினேன்.

"ஒரு விசயம் சொல்லணும்டா."

எழுந்து போய்க் கதவருகே நின்றுகொண்டேன். காதில் பாட்டை மாட்டிக்கொண்டேன். பெங்களூரு வரை அவர் என் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தார். பாவி நான், ஒரு முறைகூடத் திரும்பவில்லை. அதன்பின் அவர் வரவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, கல்லறைத் தோட்டத்து வேப்பமரத்தடியில் மாரியப்பன் என்னிடம் ஒரு துணிப்பையைக் கொடுத்தார். உள்ளே அந்த ரஷ்யக் கேமரா. ஒரு மூலை நசுங்கி, தோல் உரிந்து, மடிப்புகளில் இன்னும் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"ரோலு உள்ளதான் கீதாம். உங்க கைல குடுத்து, பகல்ல, வெயில்ல வெச்சே தொறக்கச் சொன்னாங்க சார்."

"யோவ், வெளிச்சம் பட்டா அத்தனை படமும் போயிடும்யா!"

"தெரியும் சார். தொறங்க."

திறந்தேன். ஃபிலிமின் நாக்கு சக்கரத்தில் மாட்டாமல் விரலளவு நீட்டிக்கொண்டிருந்தது. மிச்சம் முழுக்கப் பெட்டிக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. ஒரு படம்கூட விழவில்லை. ஒரு அங்குலம்கூட அது நகரவே இல்லை. நான் போட்ட ஃபிலிம். நான் பார்க்காத குமிழ்.

"எக்ஸ்ரே ரூம் வாசல்ல என்னையும் அவங்களையும் பக்கத்துல பக்கத்துல படுக்க வெச்சிருந்தாங்க சார்" என்றார் மாரியப்பன். "அப்பவே சொல்லிட்டாங்க. 'மூணாவது படத்துலயே குமிழப் பாத்தேன், சுத்தல. சரி, சத்தம் வருதுல்ல, அது போதும்னு அமுக்கினே இருந்தேன்'னாங்க."

"எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

"'செல்வத்துக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். அப்புறம் நம்ம ரெண்டு பேரையும் பொளந்துடுவானுங்க'ன்னாங்க." கோலைக் கை மாற்றிப் பிடித்தார். "இன்னொண்ணும் சொன்னாங்க. 'அவன் போட்ட ரோல்னு தெரிஞ்சா தூக்கு மாட்டிக்குவான், ரோசக்காரன். திட்டினு இருந்துட்டுப் போட்டும்'னாங்க."

நான் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். விலை போயிட்டியா என்று நான் கேட்டபோது, வாயில் வந்திருக்க வேண்டிய ஒரே பதிலை விழுங்கிவிட்டு, அவர் லென்ஸைத்தான் எறிந்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை மூன்று. புருவத்துத் தழும்பு, நசுங்கிய இந்தக் கேமரா, உள்ளே பத்து வருடப் பழசான ஒரு ஃபிலிம். அந்த ஃபிலிமை அங்கேயே மறுபடி போட்டேன். நாக்கைச் சக்கரத்தில் சொருகி, விரலால் அழுத்திப் பார்த்து, மெதுவாக மூடினேன். மாரியப்பனைப் புதுக் குழிமேட்டுக்குப் பக்கத்தில், கோலோடு, நிற்கச் சொன்னேன். அமுக்கினேன்.

அந்தச் சத்தம் கேட்டதும் மாரியப்பன் கோலைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். பிறகு மெல்லக் கையை எடுத்து என்னைப் பார்த்தார்.

"இந்தச் சத்தந்தான் சார்" என்றார். "கம்பி தலைக்கு மேல நின்னப்போ கேட்டது."

அடுத்த படத்துக்காக இழுத்தேன். இழுத்துக்கொண்டே இடது பக்கத்துக் குமிழைப் பார்த்தேன். பிறகு அந்த மண்மேட்டைப் பார்த்து, சத்தமாகவே சொன்னேன்: "சுத்துதுக்கா."