முகம் காட்டாமல் காக்கா எடுத்த படம்

படைத்தவனிடம் திரும்பிவிட்ட எங்கள் மூத்த சகோதரர் காக்காவின் ஓராண்டு நினைவாக ஓதும் கத்தத்தில் கலந்துகொள்ளும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் ஸலாம். காக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பைத் தங்கச்சியாகிய என்னிடம் தந்திருக்கிறார்கள். அவர் இருந்திருந்தால், "இவள்ட கையில குடுத்தா எல்லாக் கதையும் வெளிய வந்திரும்" என்று சிரித்திருப்பார். வரட்டும்.

காக்கா சாய்ந்தமருதில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். கல்முனையில் படித்து அங்கேயே ஆசிரியரானார். அவரைப் பொறுமைசாலி என்று எல்லோரும் சொல்வார்கள். கூடப் பிறந்தவள் சொல்கிறேன், அது பொறுமை அல்ல, சரியான பிடிவாதம்.

எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு மறுநாள் வாப்பாவின் தாயார் மௌத்தானார். வாப்பா அப்போது வயல் வாடிக் குடிசையில் இருந்தார். விழுந்த தென்னைகளும் வெள்ளமும் பாதையை மறித்துவிட்டன. வாப்பாவின் ஒரே தங்கையான எங்கள் மாமி, காத்திருக்க வழியில்லாமல் ஜனாஸாவை அடக்கச் சம்மதித்தார். இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்த வாப்பாவிடம் யார் இதை விளங்கப்படுத்துவது? "என்ட உம்மாட முகத்தக் காணவிடாமப் பண்ணிட்டாள்" என்றவர், அன்றோடு மாமியுடன் கதைப்பதை விட்டுவிட்டார். பிறகு பார்ப்பதற்கும் ஒரு படம் இல்லை. உருவப்படம் ஆகாது என்று எங்கள் வீட்டில் கண்டிப்பு. வாப்பாவின் தாயார் அடையாள அட்டைகூட எடுக்கவில்லை.

வாப்பாவையும் மாமியையும் எப்படியாவது சேர்த்துவைக்க வேண்டும் என்பதுதான் காக்காவின் கவலை. பெரியவர்கள் எவ்வளவோ பேசிப் பார்த்தார்கள். மாமியின் பேச்சை எடுத்தாலே வாப்பா எழும்பிப் போய்விடுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், சவூதியிலிருந்து வந்த, உம்மாவின் தங்கையான சாச்சியின் மகன் காக்காவுக்கு ஒரு சின்னப் படக் கமராவைக் கொடுத்தார். அதில் சத்தம் பதியாது, ஒரு சுருள் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். குடும்பத்தைப் பற்றிப் படம் எடுக்கப்போகிறேன் என்று காக்கா சொன்னதும் வாப்பா பொங்கினார்.

"மகன், இந்த வீட்டில ஒருத்தர்ர முகமும் அதுக்குள்ள போகப்படா. விளங்கிச்சா?"

"ஓம் வாப்பா. முகம் எடுக்கல்ல."

சொன்ன சொல்லை மீறவில்லை. கைகளை மட்டும் எடுத்தார். உம்மா மீன் கழுவும் கை, நான் புத்தகத்துக்கு உறை போடும் கை, வாப்பா மண்வெட்டிக்குப் பிடி இறுக்கும் கை. கடைசியில் வாப்பாவுக்குச் சொல்லாமல் மருதமுனையில் மாமி வீட்டுக்கும் போனார். நம் பெண்கள் உலைக்கு அரிசி அள்ளும்போது பள்ளிவாசலுக்கென்று ஒரு பிடி எடுத்துவைப்பது வழக்கம்தானே. மாமி அந்தப் பிடியை இறுக்கி, பெருவிரலால் ஒருதரம் தட்டி, உதிரும் மணிகளைச் சுளகில் விட்டுவிட்டுத்தான் பிடியரிசிப் பானையில் போடுவார். அதை எடுத்துக்கொண்டு வந்தார். படத்துக்கு 'எங்கட ஆக்கள்' என்று பெயர் வைத்தார்.

தம்பிலுவிலில் இருந்து காக்காவின் நண்பர் ஒரு புரொஜெக்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். இஷாத் தொழுகைக்குப் பின் சுவரில் வெள்ளைச் சீலை கட்டினோம். முகம் இல்லாத படம்தானே என்று வாப்பாவும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு கை வரும்போதும் ஆளைக் கண்டுபிடித்துச் சிரித்தோம். மாமியின் கை வந்தது. வாப்பா எழும்பி நின்றுவிட்டார்.

"இது எங்கட உம்மாட கை. எங்க இருந்து எடுத்த?"



"மாமிட கை வாப்பா" என்றார் காக்கா.

வாப்பா, "திருப்பிப் போடு" என்று மட்டும் சொன்னார்.

விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போனார். மாமி கதவைத் திறக்க, "என்ன புள்ள, இன்னம் உல வெக்கல்லியா?" என்று கேட்டாராம். மாமி அழுதுகொண்டே அரிசி அள்ளினாராம்.

பிறகு காக்கா மணமுடித்து, நம் ஊர் வழக்கப்படி மதினியின் வீட்டுக்குக் குடிபோனார். பிறந்த வீட்டை விட்டுப் போகும் மாப்பிள்ளையைப் பற்றியும் ஒரு சிறுபடம் எடுத்தார். அதைப் பார்த்துப் பெண்களைவிட மாப்பிள்ளைமார்தான் கூடக் கண்ணைத் துடைத்தார்கள். சிறுநீரக நோய் அவரைப் படுக்கையில் போட்டபோது மாமியும் வாப்பாவும்தான் மாறிமாறிப் பார்த்துக்கொண்டார்கள். கஞ்சிக்கு உப்புப் போடலாமா கூடாதா என்று அவர்கள் இருவரும் சண்டை பிடிப்பதைப் பார்த்துப் படுத்தபடியே சிரிப்பார். அவர் ஆசைப்பட்டது அவர் கண் முன்னே நடந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

வைத்தியம் பார்த்தவர்களுக்கும், ஜனாஸாவைத் தோளில் சுமந்தவர்களுக்கும், கலவரமான நாளிலும் வந்து சேர்ந்த தம்பிலுவில் நண்பருக்கும், மாமிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எல்லோருக்கும் றப்பு நற்கூலி தருவானாக.

வாப்பாவுக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். காக்காவின் மகளுக்கு இப்போது மூன்று வயது. வாப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காக்கா கடைசிவரை காத்ததால், அடையாள அட்டையில் மங்கிப்போன படத்தைத் தவிர காக்காவின் முகம் எங்களிடம் இல்லை. போன மாதம் வாப்பா பேத்தியை மடியில் இருத்திக்கொண்டு, கமராவை என் கையில் தந்தார்.

"கையையா வாப்பா எடுக்கிற?" என்று கேட்டேன்.

"என்ட முகத்த எடு மகள். அவன் அப்படியே என்னப் போலதானே. நாளைக்கு இந்தப் புள்ள தன்ட வாப்பா எப்படி இருந்தாரெண்டு கேட்டா, இதக் காட்டு."